பியத்ராசோலாவை வதிவிடமாகவும்

மரண அறிவித்தலின் முதல் வரி ஓர் ஊர்ப்பெயரில் வந்து நின்றுவிட்டது. "யாழ். கரம்பொன்னைப் பிறப்பிடமாகவும், இத்தாலி" என்று அடித்துவிட்டு அன்ரனிட்டா கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிலானை வதிவிடமாகவும் எண்டு போடு" என்றார் அப்பா.

"அண்ணா மிலானிலை இல்லையே அப்பா."

"இருந்தவன்தானே."

"அது நாலு வருசத்துக்கு முந்தி."

அப்பா கிறிஸ்தோப்பர் கதிரையை வாசல்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தார். முற்றத்தில் நண்டு வலை காயப்போட்டபடி கிடந்தது. செய்தி வந்ததிலிருந்து அதை யாரும் எடுத்து வைக்கவில்லை. அவர் வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "செத்த பிறகும் என்ரை பிள்ளையை ஆடு பார்த்தவன் எண்டு ஊருக்குச் சொல்லவேணுமே?"

அண்ணன் டெனிஸ்ரன் ஆடு பார்க்கவில்லை, ஒரு கிழவரைப் பராமரித்தான். ஆடுகள் அந்தக் கிழவருடையவை. இந்த வித்தியாசத்தை இப்போது விளக்கவேண்டுமா என்று அன்ரனிட்டா யோசித்தாள். யோசித்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. இரண்டு நாளாக வரவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி காணுமா, அயலில் கதிரை இரவல் வாங்கலாமா, தொலைபேசிக்குச் சார்ஜ் இருக்கிறதா என்பவைதான் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றைச் செய்து முடிப்பது சுலபமாக இருந்தது.

அண்ணன் இறந்த இடம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஊர்காவற்றுறையில் பங்கு மண்டபத்தில் கிழமைக்கு இரண்டு பின்னேரம் இத்தாலி மொழி வகுப்பு நடந்தது. படிப்பித்த மேரிசுகந்தி ரீச்சர் பலெர்மோவில் வீட்டுவேலை செய்து கொஞ்சக் காலம் இருந்துவிட்டு வந்தவர். வகுப்பில் இருந்த எல்லோருக்கும் அங்கே யாரோ இருந்தார்கள், கணவன், அண்ணன், பேச்சுக்கு வந்த மாப்பிள்ளை. கார்த்திகை மாதத்தில் ரீச்சர் ஒரு வேலை கொடுத்தார். "ஆளுக்கொரு கொமூனெ பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாங்கோ. கொமூனெ எண்டால் எங்கடை பிரதேச சபை மாதிரி. உயரம், சனத்தொகை, தொழில், காவல் புனிதர். ரோமாபுரியை ஒருத்தரும் எழுதப்பிடாது. அதை நான் போன வகுப்பிலை பதினாலு தரம் திருத்தினனான்."

அன்ரனிட்டா தொலைபேசியில் அண்ணனிடம் கேட்டாள்.

"இந்த ஊரைப்பற்றி எழுத என்ன கிடக்கு" என்று டெனிஸ்ரன் சிரித்தான். பிறகு மூன்று பின்னேரமாகச் சொன்னான். பெயர் பியத்ராசோலா. கடல் மட்டத்திலிருந்து தொள்ளாயிரத்து நாற்பது மீற்றர். "எங்கடை தீவிலை ஆகப் பெரிய உயரம் கோயில் கோபுரம்தானே. இஞ்சை வெத்திலை வாங்கப் போறதெண்டாலும் ஏறி இறங்கவேணும். வெத்திலை இல்லை, அது வேறை." செஸ்நட் மரக்காடு. ஆட்டுப்பாலில் செய்யும் பாற்கட்டி. பள்ளிக்கூடத்தில் ஒன்பது பிள்ளைகள், ஒரே வகுப்பு. பூட்டிக் கிடக்கும் வீடுகள்தான் கூட. ஆட்கள் அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும். "புங்குடுதீவை எடுத்து மலையிலை வைச்சமாதிரி." பள்ளத்துக்குப் போய்வர நாளுக்கு ஒரு பஸ், காலையில், பனி கொட்டினால் அதுவும் இல்லை. காவல் புனிதர் சான் ரொக்கோ. காலில் புண்ணும் பக்கத்தில் நாயுமாக நிற்பவர். கோயிலுக்கும் அவர் பெயர்தான்.

"சனத்தொகை?"

"அறுநூற்றுப் பதின்மூண்டு. பொறு, அறுநூற்றுப் பன்னிரண்டோ தெரியேல்லை. ரொசெல்லாவைக் கேட்டுச் சொல்லுறன்."

ரொசெல்லா அந்தக் கிழவரின் மகள். சபைக் கந்தோரில் பதிவுப் பகுதியில் வேலை. அடுத்த நாள் அண்ணன் சொன்னான். "பதின்மூண்டுதான். நான் பதிஞ்சாப்போலை ஒண்டு கூடினதாம். தவிசாளர் எனக்குக் கை குடுத்தவர். அந்தாளுக்கும் கிழவரின்ரை ஆட்டுக்கிடாய்க்கும் ஒரே பெயர், பாவம், ஆருக்கு மரியாதை எண்டு தெரியாது."

அன்ரனிட்டா அந்தப் பக்கத்தை நாலு தரம் எழுதினாள். வினைச்சொற்கள் பிழையாக இருக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு எப்போதும் இருந்தது. ரீச்சர் இரண்டு இடத்தில் மட்டும் சிவப்பு மையால் கோடு போட்டு, கீழே "நல்லது" என்று எழுதிக் கொடுத்தார். அதை அவள் நம்பவில்லை. மற்றவர்களுக்கும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

இந்தப் பக்கம் வகுப்புக்கு மட்டும்தான். ஊரைப் பொறுத்தவரை டெனிஸ்ரன் மிலானில் இருந்தான். பிள்ளை எங்கே என்று யாரும் கேட்டால் கிறிஸ்தோப்பர் அப்படித்தான் சொல்வார். மிலானில் அவனுக்கு உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை போனதும், அம்மாவின் தம்பி சூசைப்பிள்ளையோடு ஏதோ சொல்லுப்பட்டு அவர் வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியதும் வெளியில் போகவில்லை. சூசை மாமாவும் நாலு வருசமாக இந்த வீட்டோடு கதைப்பதில்லை. டெனிஸ்ரன் மிலானின் வேறு மூலையில் எங்கோ இருக்கிறான் என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தபோது "மிலான் பெடியன்" என்றுதான் வந்தது. கிறிஸ்தோப்பர் அதைத் திருத்தவில்லை.

பனி உறைந்த வளைவில் அண்ணனின் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. கிழவருக்கு மருந்து எடுக்கப் போன வழி. ரொசெல்லா குரல்பதிவு அனுப்பினாள், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அன்ரனிட்டாவுக்கு விளங்கவேண்டும் என்று. அன்ரனிட்டா அதை மூன்று தரம் கேட்டாள். ஒரு வினைச்சொல் தனக்குப் பிழையாக விளங்குகிறதென்று மூன்றாம் முறையும் நினைத்தாள்.

உடலைக் கொண்டுவர மாதக்கணக்காகும் என்றார்கள். அம்மா கேட்டது ஒன்றுதான். "அவ்வளவு நாளும் பிள்ளையை எங்கை வைச்சிருப்பினம்?" ஐஸ் பெட்டியில் என்று யாரோ சொன்னார்கள். "வேண்டாம்" என்றுவிட்டு அம்மா உள்ளே போய்ப் படுத்துவிட்டா. அங்கேயே அடக்கம் செய்வதாக முடிவாயிற்று. அந்தக் கிழவர் தங்கள் குடும்பக் கல்லறைச் சுவரில் ஓர் இடம் தருவதாக ரொசெல்லா சொன்னாள்.

மிஞ்சியது அறிவித்தல்தான். இணையத்திலும் பத்திரிகையிலும் போகவேண்டும். அது போகாவிட்டால் செத்ததாகவே கணக்கில்லை.

"கோயில் பெயர் என்னெண்டு போடுறது அப்பா?"

"அந்த ரொசெல்லாப் பிள்ளை என்ன சொன்னவள்?"

"சான் ரொக்கோ. வியாழக்கிழமை காலமை பத்து மணி."

"அதைப் போடு. பிழை ஒண்டும் இல்லையே."

"ஊர் மிலான் எண்டு போட்டு, கோயிலை இப்பிடிப் போட்டால், ஆரும் வெளிக்கிட்டால்?"

"ஆர் வெளிக்கிடுறது?" என்றார் கிறிஸ்தோப்பர். "உன்ரை மாமனோ? நாலு வருசமா அவன் என்ரை பிள்ளை இருக்கோ செத்ததோ எண்டு பார்க்கேல்லை. வேலை நாளிலை லீவு போட்டுக்கொண்டு வரப்போறானாக்கும். நீ அடி."

வேறு யாரும் என்றால் இன்னும் ஒரு தரம் சொல்லியிருப்பார்கள். அன்ரனிட்டாவுக்குத் தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதில் எப்போதும் சந்தேகம். அப்பா சொல்வதிலும் ஏதோ இருக்கலாம், அறிவித்தலைப் பார்த்து யார் ரயில் ஏறப்போகிறார்கள். "மிலானை வதிவிடமாகவும் கொண்ட கிறிஸ்தோப்பர் டெனிஸ்ரன் அவர்கள்" என்று அடித்தாள். "அன்னார், கிறிஸ்தோப்பர் சின்னத்தங்கம் தம்பதிகளின் அன்பு மகனும், அன்ரனிட்டாவின் பாசமிகு சகோதரனும் ஆவார்." கடைசியில் சான் ரொக்கோ கோயில், வியாழன் காலை பத்து மணி என்பதையும், உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளும்படி என்ற வரியையும் போட்டாள். எழுத்துப்பிழை பார்த்தாள். தொடர்புக்கு அப்பாவின் இலக்கத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு வீட்டில் ஆட்கள் நிறைந்தார்கள். ஒழுங்கை வாயிலில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மேசை, அதில் டெனிஸ்ரனின் படம், இரண்டு மெழுகுதிரி. பெட்டி இல்லாததால் எங்கே சுற்றி இருப்பதென்று பெண்களுக்குத் தெரியவில்லை. சுவரோரமாக இருந்து செபமாலை சொன்னார்கள். அன்ரனிட்டா தன் தொலைபேசியை மேசையில் படத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பேணியில் சாய்த்து வைத்தாள். இரண்டரை மணி. அங்கே பத்து.

ரொசெல்லா கோயில் வாசலில் நின்று தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். சாம்பல் நிறக் கல், சாம்பல் நிற வானம். கறுப்புக் கோட்டுப் போட்ட கொஞ்சப் பேர். பெட்டி வாசலில் நின்றது. ஒரு கிழவர் ஊன்றுகோலோடு பெட்டியின் தலைமாட்டில் நின்றார். யாரோ அவருக்குக் கதிரை கொண்டுவந்து வைத்தார்கள். அவர் இருக்கவில்லை.

கோயிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ரொசெல்லா அதன் கிட்டப் போய்க் காட்டினாள். செத்தவர்களின் பெயரை அச்சடித்துச் சுவரில் ஒட்டுவது அங்கே வழக்கமாம். இங்கே சந்தியில் கட்டும் கண்ணீர் அஞ்சலிப் பதாகையைப் போலத்தான், படம் மட்டும் இல்லை. டெனிஸ்ரன் என்ற பெயர். கீழே கரம்பொன், சிறீலங்கா. அதற்கும் கீழே பியத்ராசோலா. எழுத்துகள் சரியாக இருந்தன. அன்ரனிட்டா இரண்டு தரம் பார்த்தாள்.

அப்போது அப்பாவின் தொலைபேசி அடித்தது. கிறிஸ்தோப்பர் இலக்கத்தைப் பார்த்துவிட்டு எடுக்காமல் வைத்திருந்தார். மறுபடி அடித்தது. பக்கத்தில் இருந்த அயலவர் இளையதம்பி அண்ணை, "எடுமன், வெளிநாட்டு இலக்கம்" என்று தானே விரலை நீட்டி அழுத்திவிட்டார். குரல் எல்லோருக்கும் கேட்டது.

"அத்தான், சூசை கதைக்கிறன்."

கிறிஸ்தோப்பர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"அத்தான், நாங்கள் கோயிலடியிலை நிக்கிறம். சான் ரொக்கோ. கோயில் பூட்டிக் கிடக்கு. இன்னொரு சான் ரொக்கோ இருக்காம், அங்கையும் பெடியளை அனுப்பிப் பார்த்தாச்சு. அங்கையும் ஒண்டும் இல்லை. பெட்டி எத்தினை மணிக்கு வருது?"

"ஆர் நாங்கள்?" என்று கிறிஸ்தோப்பர் கேட்டார்.

"ஊர்ச்சனம்தான். ஒரு நாற்பது பேர் வரும். ஊர்காவற்றுறைப் பெடியள், மெலிஞ்சிமுனை ஆக்கள், எல்லாரும் லீவு போட்டிட்டு வந்திருக்கினம். மலர்வளையமும் இருக்கு." அங்கே காற்று இரைந்தது. "அத்தான், பழசை விடுங்கோ. கதைபேச்சு இல்லையெண்டு செத்த வீட்டுக்கு வராமல் விடுறதே? அறிவித்தலிலை கிடந்துது, வந்தனான். சொல்லியனுப்பவேணுமே இதுக்கு?"

அது உண்மைதான். இந்தத் தீவில் எல்லை வழக்கில் கோர்ட்டுக்குப் போனவர்களும் செத்த வீட்டில் பெட்டிக்குத் தோள் கொடுக்க வந்து நிற்பார்கள். யாரும் அழைப்பதில்லை, வந்தவரிடம் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதுமில்லை. கிறிஸ்தோப்பரே அப்படிப் போனவர், ஒருமுறை அல்ல. அவர் அதை மறந்துபோயிருந்தார்.

"எங்கையெண்டு சொல்லுங்கோ அத்தான். பெட்டி தூக்க ஆக்கள் நிக்கினம்."

கிறிஸ்தோப்பரின் வாய் திறந்தது. நாலு வருசமாக அவர் அந்த ஊரின் பெயரைச் சொன்னதில்லை, சொல்லவும் தெரியாது. செபமாலை நின்றுவிட்டது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தொலைபேசியை மகளிடம் நீட்டினார்.

"நீ சொல்லு" என்றார்.

அன்ரனிட்டா வாங்கினாள். "மாமா, நான் நிட்டா. அண்ணா மிலானிலை இல்லை."

"பின்னை?"

"தெற்கிலை. மலைக்குள்ளை. பியத்ராசோலா எண்டு ஒரு ஊர்."

"அது எவ்வளவு தூரம் பிள்ளை?"

"ரயிலிலை ஒரு பகல். பிறகு பஸ். பஸ் நாளைக்குக் காலமைதான்."

அங்கே யாரோ "என்னவாம்" என்று கேட்பது கேட்டது. இன்னொரு குரல், "பெட்டி இஞ்சை இல்லையாம்" என்றது. ஒரு சின்னப்பிள்ளை, "அப்ப வீட்டை போறமோ" என்று கேட்டது. யாரோ அதை அதட்டினார்கள்.

"அப்ப அங்கை எங்கடை ஆக்கள் ஆர் நிக்கினம்?" என்றார் மாமா.

"ஒருத்தரும் இல்லை மாமா."

மாமா அங்கே யாரிடமோ ஏதோ கேட்டார். பிறகு அவர் சொன்னார். "மறிக்கச் சொல்லு. நாங்கள் இப்பவே வெளிக்கிடுறம். நாளைக்கு எப்பிடியும் வந்திடுவம். எங்கடை ஒரு கையாவது படவேணும்."

மேசையில் இருந்த தொலைபேசியில் ரொசெல்லா ஏதோ கேட்டாள். அன்ரனிட்டா குனிந்தாள். குடும்பத்தில் யாரும் வருகிறார்களா, காத்திருக்கவா என்று கேட்கிறாள். பாதிரியார் மூன்று ஊருக்கு ஒருவர், பகல் வேறு ஊரில் பூசை. பின்னேரம் பனி கொட்டும் என்கிறார்கள், கொட்டினால் பாதை எப்போது திறக்குமென்று தெரியாது. ஆனால் நீ சொன்னால் நிற்போம் என்றாள். அவளுக்குப் பின்னால் கறுப்புக் கோட்டுக்காரர்கள் கால் மாற்றிக்கொண்டு நின்றார்கள்.

அன்ரனிட்டா அப்பாவைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது, படுத்தபடியே.

"பிள்ளை எத்தினை நாளா வெளியிலை கிடக்கிறான்."

ஒரு கையில் மாமா, ஒரு பக்கம் ரொசெல்லா. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவளுக்கு இப்போதாவது ஏதாவது வரும் என்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. பனி கொட்டினால் பஸ் வராது, அது அவள் எழுதிய பக்கத்தில் இருந்தது.

"காத்திருக்க வேண்டாம், செய்யுங்கள்" என்று இத்தாலி மொழியில் சொன்னாள். சொன்ன பிறகுதான் வினைச்சொல்லை ஒருமையில் சொல்லிவிட்டது தெரிந்தது. ரொசெல்லா தலையாட்டினாள்.

"மாமா, மறிக்க ஏலாது. பாதை பூட்டிப்போடும்."

சூசைப்பிள்ளை அதை மற்றவர்களுக்குத் திருப்பிச் சொன்னார். பிறகு, "சரி பிள்ளை" என்றார். "நாங்கள் இதிலையே நிண்டு ஒரு செபத்தைச் சொல்லிப்போட்டுப் போறம். வந்த சனத்தைச் சும்மா அனுப்ப ஏலாது." தொலைபேசி அணைந்தது.

பூசை முடிந்து ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். தவிசாளரும் தூக்கினார் என்று ரொசெல்லா பிறகு சொன்னாள். எவர் தவிசாளர் என்று அன்ரனிட்டாவுக்குத் தெரியவில்லை. பாதை கீழே இறங்கி மறுபடி ஏறியது. உறவுக்காரர் நடக்கும் இடத்தில், பெட்டிக்கு உடனே பின்னால், அந்தக் கிழவர் தனியாக நடந்தார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் இடைவெளி விட்டு வந்தார்கள்.

கல்லறை சுவருக்குள் இருந்தது, அலுமாரித் தட்டுப்போல. பெட்டியை உள்ளே தள்ளினார்கள். மேசன் செங்கல் வைத்துச் சாந்து பூசினான். கல் வந்து பொருத்தும்வரை ஈரச் சாந்தில் பெயரைக் கீறுவார்களாம். அவன் கரண்டியின் முனையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டான். ரொசெல்லா தொலைபேசியை அவனிடம் கிட்டக் கொண்டுபோனாள்.

"பெயரை எழுத்தெழுத்தாச் சொல்லட்டாம்" என்று அன்ரனிட்டா யாருக்கென்றில்லாமல் சொன்னாள்.

சொன்னாள். அவன் கீறினான். பிறந்த ஊரையும் கேட்டான். கரம்பொன்னையும் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அம்மா எழும்பி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"பிள்ளைக்குச் சட்டை என்ன போட்டவை?" என்று கேட்டா.

அன்ரனிட்டா அதை மொழிபெயர்த்தாள். கம்பளிச் சட்டை, நீலம், கிழவருடையது என்று பதில் வந்தது. அம்மா தலையாட்டிவிட்டுத் திரும்பவும் உள்ளே போனா.

பின்னேரம் ஆட்கள் குறைந்தார்கள். கிறிஸ்தோப்பர் எழும்பி முற்றத்துக்குப் போய் நண்டு வலையைச் சுருட்டினார். சிக்கு எடுக்காமல் அப்படியே சுருட்டிக் கொட்டிலில் போட்டுவிட்டு வந்து அதே கதிரையில் இருந்தார். இளையதம்பி அண்ணை போகாமல் இருந்தார். வெத்திலையை மடித்துக்கொண்டு, "அப்ப மிலானிலை இல்லையோ பெடியன் இருந்தது" என்று கேட்டார். கேலியா கவலையா என்று அவர் குரலில் பிடிபடவில்லை.

அன்ரனிட்டா தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா "ஓம் மிலான்தான்" என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். சொன்னால் சொல்லட்டும் என்றும் நினைத்தாள்.

"இல்லை" என்றார் கிறிஸ்தோப்பர். "அது ஒரு மலை ஊர்."

"ஓ."

"சின்ன ஊர்தான். நாளுக்கு ஒரு பஸ்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆட்டுப்பாலிலை கட்டி செய்வினம். பள்ளிக்கூடத்திலை ஒன்பது பிள்ளையள்."

அப்பாவுக்கு இது எப்படித் தெரியும் என்று அன்ரனிட்டா திரும்பிப் பார்த்தாள். அவள் அந்தப் பக்கத்தைக் குசினியில் இருந்து உரத்து வாசித்துப் பழகிய பின்னேரங்கள் நினைவுக்கு வந்தன. முதலில் தமிழில் சொல்லிப் பார்த்து, பிறகு இத்தாலி மொழியில். அப்பா வாசலில் வலைக்கு ஊசி கோத்துக்கொண்டிருப்பார். கேட்பதாக அவள் நினைத்ததில்லை.

"பெயர் என்ன சொன்னனீர்?" என்றார் இளையதம்பி.

கிறிஸ்தோப்பர் மகளைப் பார்த்தார்.

"பியத்ராசோலா" என்றாள்.

"பியத்ராசோலா" என்றார் அவர். ஓர் எழுத்து வாயில் வழுக்கியது. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். "முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவுக் கார்ட்டிலை அதைப் போடு பிள்ளை. வதிவிடம் எண்ட இடத்திலை."

"ஓம் அப்பா."

"உயரம் எவ்வளவெண்டனி?"

"தொள்ளாயிரத்து நாற்பது மீற்றர்."

"தொள்ளாயிரத்து நாற்பது" என்று அவர் இளையதம்பிக்குச் சொன்னார். "சனம் அறுநூற்றுப் பதின்மூண்டு."

அன்ரனிட்டா கோப்பைகளோடு நின்றாள். ஒன்றைக் குறைத்துத் திருத்தவேண்டுமா என்று யோசித்தாள். பிறகு குசினிக்குப் போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள்.